'சண்டேஸ்' பன்மையா?

'ஐ ஒர்க் சண்டேஸ்' என்பதில் 'ஆன்' விடுபட்டிருக்கிறதாம். அது அமெரிக்கரின் சோம்பலாம். ஈற்றில் நிற்கும் 'ஸ்' பன்மை விகுதியாம். ஸ்போக்கன் இங்கிலீஷ் கையேடு ஒன்று ஒரே பத்தியில் இப்படி அடித்துச் சொல்கிறது. மூன்றும் தவறு.

பழைய ஆங்கிலத்தில் 'பகலில்' என்பதற்கு 'டேயெஸ்', 'இரவில்' என்பதற்கு 'நிஹ்டெஸ்'. ஈற்றில் நிற்பது ஆறாம் வேற்றுமை உருபு. காலத்தை ஏழாம் வேற்றுமையில் வைத்த தொல்காப்பியம் படித்தவர்களுக்கு இது புதுமையாகத்தான் இருக்கும். இவற்றில் 'நிஹ்டெஸ்' கூர்ந்து பார்க்க வேண்டியது. இரவைக் குறிக்கும் சொல் அம்மொழியில் பெண்பால். 'எஸ்' அதற்கு உரிய உருபே அன்று. பகலோடு சேர்ந்தே வழங்கியதால் பகலின் உருபு இரவுக்கும் ஒட்டிக்கொண்டது. அப்போதே அது வினையடை விகுதியாகிவிட்டது என்பதற்கு வேறு சான்று எதற்கு? ஜெர்மன் மொழியிலும் இதே கதை: 'நஹ்ட்' பெண்பால், ஆனால் 'இரவில்' என்றால் 'நஹ்ட்ஸ்'.

பன்மைக் கட்சிக்கு அந்த ஜெர்மனே பதில் சொல்லும். அங்கே ஞாயிறுகள் 'ஸொன்டாகெ'. ஞாயிறுதோறும் என்றால் 'ஸொன்டாக்ஸ்'. இன்னும் ஐயம் இருந்தால் 'ஒன்ஸ்' என்ற சொல்லைப் பாருங்கள். 'ஒன்' என்பதோடு அதே உருபு சேர்ந்து பிறந்தது அது. ஒன்று எப்படி ஐயா பன்மையாகும்? 'ட்வைஸ்', 'ஆல்வேஸ்' எல்லாம் இதே குடும்பம்தான். உருபு தேய்ந்தபின் 'ஆஃப் எ சண்டே' என்றும் பேசினார்கள். 'ஆஃப்' அதே ஆறாம் வேற்றுமையின் வேலையைத்தானே செய்கிறது!

'சீ யூ மண்டே' வேறு கிளை. அது இரண்டாம் வேற்றுமை. உருபு உதிர்ந்து பெயர் மட்டும் நிற்கிறது. அமெரிக்கர் இதை அதிகம் ஆள்வது உண்மை. குழப்பம் வராத இடத்தில் கிழமைக்கு முன் 'ஆன்' வேண்டாம் என்பது அசோசியேட்டட் பிரஸ் நடைக் கையேட்டின் விதி. ஆனால் 'நெக்ஸ்ட் மண்டே', 'எவ்ரி மண்டே' என்னும்போது லண்டன்காரரும் 'ஆன்' போடுவதில்லை. அவரும் சோம்பேறியா?

இன்று பேசுவோர் காதில் 'சண்டேஸ்' பன்மையாகவே ஒலிக்கலாம். பன்மைப் பொருள் பின்னால் வந்து கலந்தது. பிறப்பு ஆறாம் வேற்றுமைதான். கையேட்டுக்காரர் அடுத்த பதிப்பிலாவது அந்தப் பத்தியை நீக்கிவிடட்டும்.