எழுத்துப் பலகை காட்டாத கிட்டப்பார்வை

பினாங்கின் பெருநிலப் பகுதியில், வட செபராங் பிறை மாவட்டத்தில் இருக்கிறது தாசேக் கெலுகோர். அங்கே முதலாம் ஆண்டில் சேரும் ஒரு பிள்ளைக்குக் கிட்டப்பார்வை வருமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? பெருமளவுக்கு முடியும். ஆனால் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிச் செய்யும் பள்ளிச் சோதனை அதற்கு உதவாது.

மலேசியத் தமிழருக்கு நெருக்கமான சான்று 2006இல் வெளியானது. சிங்கப்பூரிலும் சிலாங்கூரின் கோம்பாக் மாவட்டத்திலும் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் கண்களை அளந்து ஒப்பிட்டார்கள். சிங்கப்பூர் இந்தியப் பிள்ளைகளில் 34.1 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை, கோம்பாக்கில் 12.5 விழுக்காடுதான். சீனர், மலாய்க்காரரிடமும் சிங்கப்பூர் விழுக்காடே கூடுதல். இரு நாட்டு இந்தியரிலும் தமிழரே மிகுதி. ஜோகூர் நீரிணையைத் தாண்டியதும் ஏறத்தாழ மூன்று மடங்காகும் ஒன்றை மரபின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

மரபுக்குப் பங்கில்லை என்பதல்ல. தாய் தந்தை இருவருக்கும் கிட்டப்பார்வை இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது.

புத்தகத்தின் மீது மட்டும் பழி போடுவதும் சரியல்ல. 2008இல் வெளியான ஆய்வில், சிட்னியில் வளரும் சீன வம்சாவளிப் பிள்ளைகள் சிங்கப்பூர்ச் சீனப் பிள்ளைகளைவிட அதிகப் புத்தகங்கள் படித்தார்கள். இருந்தும் சிட்னியில் கிட்டப்பார்வை 3.3 விழுக்காடு, சிங்கப்பூரில் 29.1. வெளியில் கழித்த நேரமோ வாரத்துக்கு 13.75 மணி, 3.05 மணி. வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தூண்டி, கிட்டப்பார்வைக்குக் காரணமான கண் நீள்வதைத் தடுக்கிறது என்பதே விலங்குச் சோதனைகள் தரும் விளக்கம்.

இனி முன்கணிப்பு. சிறு வயதில் பெரும்பாலான கண்களில் சிறிது தூரப்பார்வை கையிருப்பாக இருக்கும். கண் வளர வளர அது கரையும். அமெரிக்காவில் 4,512 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, பல காரணிகளையும் சோதித்து, இந்தக் கையிருப்பே சிறந்த முன்னறிகுறி என்று கண்டது. முதல் வகுப்பில் அது +0.75 டயாப்டருக்கு (கண்ணாடிப் பவரின் அலகு) கீழே இருந்தால் ஆபத்து அதிகம்.

இங்கேதான் பள்ளிச் சோதனை வழுக்குகிறது. +0.25 டயாப்டர் உள்ள பிள்ளை பலகையின் கடைசி வரிவரை தடுமாறாமல் படித்துவிடும். சோதனையில் தேறிய அந்தப் பிள்ளைக்கே அடுத்த சில ஆண்டுகளில் கண்ணாடி தேவைப்படும் வாய்ப்பு அதிகம். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்குப் பவர் ஏறும். பவர் ஏற ஏற விழித்திரை விலகல் போன்ற ஆபத்துகளும் ஏறும்.

எல்லாருக்கும் கண் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டு அளக்க ஆளும் நேரமும் வேண்டும். மருந்தில்லாமல் அளந்தால் பிள்ளையின் கண் குவிந்து, கையிருப்பு குறைவாகவே தெரியும். ஆகவே முதலில் இரண்டு கேள்விகள் போதும்: பெற்றோர் இருவரும் கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிகிறார்களா? பிரத்தியேக வகுப்பும் கைப்பேசியும் போக, பிள்ளை நாளில் எவ்வளவு நேரம் வெளியில் விளையாடுகிறது? விடை கவலை தருமானால் மட்டும் மருந்து விட்டு அளக்கலாம்.

விளையாட்டு நேரத்துக்கு அளவீடு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் 40 நிமிட வெளிப்புற வகுப்பைக் கூட்டினார்கள். மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு, கூட்டாத பள்ளிகளில் 39.5. பினாங்கு வெயிலை நினைத்துத் தயங்கவும் வேண்டாம். மர நிழலின் வெளிச்சமே வகுப்பறையைவிடப் பல மடங்கு அதிகம். அந்த 40 நிமிடத்தைக் காலையில் எந்தப் பாடவேளையில் வைப்பது என்பதைத் தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கூடி முடிவு செய்யலாம்.