பிறந்த நாடும் நகராத தேதியும்: அமெரிக்க கிரீன் கார்டில் ஏழு சதவீத வரம்பு உருவான வரலாறு

அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் விசா புல்லட்டின் என்ற அறிக்கையை வெளியிடுகிறது. அதில் வேலைவாய்ப்புப் பிரிவுகளுக்கான அட்டவணையில் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் தனித்தனிப் பத்திகள் உண்டு. தனிப் பத்தி இல்லாத நாடுகளெல்லாம் பொதுப் பத்தியில் அடங்கிவிடும். பொதுப் பத்தியில் 'சி' என்ற எழுத்து இருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை என்று பொருள். இந்தியாவின் பத்தியில் சில பிரிவுகளில் பத்தாண்டுகளுக்கும் மேல் பழைய தேதி ஒன்று இருக்கும். அங்கே வேலை பார்க்கும் நம்மவர்கள் "டேட் நகர்ந்ததா?" என்று கேட்பது இந்தத் தேதியைத்தான்.

இந்த வரிசைக்கு இந்திய விண்ணப்பங்களின் பெருக்கமே காரணம் என்று சொல்லப்படுவது பாதி உண்மை. தற்காலிக விசாவுக்கு நாட்டு வரம்பு வைக்காமல், நிரந்தர வசிப்புரிமையான கிரீன் கார்டுக்கு மட்டும் வைத்த 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மீதிப் பாதி இருக்கிறது. அந்த வரம்பின் வேர் இன்னும் பின்னால் போகிறது. ஒரு காலத்தில் அது சமத்துவத்தின் பெயரால் வந்தது என்பதுதான் இந்த வரலாற்றில் எளிதில் கண்ணில் படாத பகுதி.

1917-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதிகளிலிருந்து குடியேறுவதைத் தடுத்தது. 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் 'வெள்ளையர்' ஆகமாட்டார், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-இல் லூஸ்-செல்லர் சட்டம் கதவைச் சற்றே திறந்து ஆண்டுக்கு 100 இந்தியர்களை அனுமதித்தது. 1952-இல் வந்த மெக்கரன்-வால்டர் சட்டம், திறமையுள்ள தொழிலாளர்களுக்கு முன்னுரிமையையும் எச்-1பி என்ற இன்றைய தற்காலிக வேலை விசாவின் முன்னோடியான எச்-1 பிரிவையும் தந்தது. ஆனால் ஆசியர்களை அது வம்சாவளியை வைத்தே கணக்கிட்டது. லண்டனில் பிறந்த தமிழரும் அந்தச் சட்டத்தின்படி இந்தியாவின் 100 இடங்களில் ஒன்றுக்குத்தான் வரிசையில் நிற்க வேண்டும். 1958-இல் ஷியாமளா கோபாலன் மாணவியாக பெர்க்லிக்குப் போய் இறங்கியபோது நிலவரம் இதுதான். அவருடைய மகள் பெயர் இக்கட்டுரையில் பின்னால் வரும்.

1965 அக்டோபர் 3-ஆம் தேதி, சுதந்திர தேவி சிலையின் அடிவாரத்தில் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட ஹார்ட்-செல்லர் சட்டம் இந்த இனக் கணக்கை ஒழித்தது. கிழக்கு அரைக்கோளத்துக்கு மொத்தம் 1,70,000 இடங்கள். அதில் எந்த நாட்டுக்கும் 20,000-க்கு மேல் கிடையாது. பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் ஒரே அளவு. நாட்டு வரம்பு என்பது அன்றைக்கு உரிமைக் குரலின் வெற்றி. அடுத்த இருபது ஆண்டுகளில் போன மருத்துவர்களிலும் பொறியாளர்களிலும் பலர் நேரடியாக கிரீன் கார்டுடன் போய் இறங்கினார்கள்.

1990 நவம்பர் 29-இல் மூத்த புஷ் கையெழுத்திட்ட குடிவரவுச் சட்டம் ஒரே ஏட்டில் இரண்டு வேலைகளைச் செய்தது. ஒருபுறம், ஆண்டுக்கு 65,000 என்ற உச்சவரம்புடன் எச்-1பி-யை உருவாக்கியது. அதை வைத்திருப்பவர் நிரந்தரமாகத் தங்க விரும்பினாலும் குற்றமில்லை என்றது. எந்த நாட்டவர் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. மறுபுறம், வேலைவாய்ப்பு வழி கிரீன் கார்டுக்கு ஆண்டுக்கு 1,40,000 இடங்கள் ஒதுக்கி, எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்றது. கணக்குப் போட்டால் ஒரு நாட்டுக்கு 9,800. முதுகலைப் பட்டதாரிகள் அதிகம் விண்ணப்பிக்கும் ஈபி-2 பிரிவில் மட்டும் பார்த்தால் ஏறத்தாழ 2,800. மனைவி, கணவன், குழந்தைகளும் இந்த எண்ணிக்கைக்குள்தான். அண்மை ஆண்டுகளில் எச்-1பி ஒப்புதல்களில் பத்தில் ஏழுக்கும் மேல் இந்தியர்களுக்குப் போகின்றன. அகலமான வாசலில் நுழைந்தவர்கள் குறுகிய வாசலில் தேங்குவது இந்த அமைப்பிலேயே எழுதப்பட்டிருந்தது.

எந்த நாட்டுக் கணக்கு என்பதைக் குடியுரிமை தீர்மானிப்பதில்லை, பிறந்த இடம் தீர்மானிக்கிறது. ஒரே நிறுவனத்தில், ஒரே பட்டத்துடன், ஒரே நாளில் விண்ணப்பிக்கும் இரண்டு தமிழர்களில் மதுரையில் பிறந்தவர் இந்தியப் பத்தியிலும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் பொதுப் பத்தியிலும் நிற்பார்கள். இரண்டாமவர் சில ஆண்டுகளில் கிரீன் கார்டு வாங்கிவிடலாம். முதலாமவர் கனடாக் குடியுரிமை வாங்கிக்கொண்டு வந்தாலும் பத்தி மாறாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்தவரை மணந்திருந்தால், துணையின் பிறந்த நாட்டுக் கணக்கில் போய்ச் சேர்ந்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது!

வரிசையில் ஒருவரின் இடத்தைக் குறிக்கும் பிரியாரிட்டி டேட் பிறக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. 2005 மார்ச்சில் தொடங்கிய பெர்ம் முறையில், அந்த வேலைக்குத் தகுதியும் விருப்பமும் உள்ள அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று நிறுவனம் காட்ட வேண்டும். அதற்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாளிதழில் விளம்பரம், மாநில வேலைவாய்ப்பு அமைப்பில் 30 நாள் அறிவிப்பு, அலுவலகச் சுவரில் பத்து வேலைநாள்களுக்கு ஒட்டிய தாள் எல்லாம் வேண்டும். ஆள் ஏற்கெனவே அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பார். அதே வேலைக்கு விளம்பரம் வந்துகொண்டிருக்கும். இந்தச் சடங்குக்குப் பின் மனு தாக்கலாகும் நாள்தான் பிரியாரிட்டி டேட்.

2000 அக்டோபரில் வந்த ஏசி-21 சட்டம் இந்தத் தேக்கத்தை முதன்முதலில் ஒப்புக்கொண்டது. எச்-1பி-யின் ஆறாண்டு உச்சம், நாட்டு வரம்பில் சிக்கியவர்களுக்குத் தளர்ந்தது. அந்தப் பிரிவுக்குச் சட்டம் தந்த தலைப்பு 'ஒருமுறைப் பாதுகாப்பு' என்பதாகும். நிறுவனம் தாக்கல் செய்யும் ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் பெற்றவர்கள் மும்மூன்று ஆண்டுகளாக எச்-1பி-யைப் புதுப்பித்து இருபது ஆண்டுகளைக் கடக்கிறார்கள். என் பார்வையில், ஏழு சதவீத விதியை இத்தனை காலம் காப்பாற்றிய சட்டம் இதுவே. வரம்பில் சிக்கியவர்கள் ஆறாம் ஆண்டில் கூட்டமாக வெளியேற வேண்டி வந்திருந்தால் நிறுவனங்கள் அமெரிக்க காங்கிரஸின் கதவைத் தட்டியிருக்கும். காத்திருப்பு நீண்டதே தவிர வேலை நின்றுபோகவில்லை, நெருக்கடி எழவில்லை. அதே சட்டம் முந்தைய ஆண்டுகளில் வீணான ஏறத்தாழ 1,30,000 இடங்களை மீட்டுத் தந்ததால் சில ஆண்டுகள் வரிசையே இல்லாதது போலத் தோன்றியது. அவை தீர்ந்ததும், 2005 ஜனவரியில் மூன்றாவது வேலைவாய்ப்புப் பிரிவான ஈபி-3-இல் இந்தியாவுக்கான தேதி பின்னோக்கிப் போனது.

2007 ஜூலை இந்த வரலாற்றின் நடுக்கண்டம். ஜூலையில் திறன்சார் பிரிவினர் எல்லோரும் இறுதிக் கட்டமான ஐ-485 தாக்கல் செய்யலாம் என்று ஜூன் நடுவில் அறிவிப்பு வந்தது. தாக்கலின்போது குடும்பம் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும் என்பதால், ஊருக்கு விடுமுறைக்கு வந்திருந்தவர்கள் அலறியடித்துக்கொண்டு திரும்பினார்கள். மருத்துவப் பரிசோதனைக்கு நாள் கிடைக்கவில்லை. ஜூலை 2-ஆம் தேதி, இடங்கள் தீர்ந்துவிட்டன என்று கைவிரித்தார்கள். குடிவரவுத் துறை ஜூன் கடைசியில் ஏறத்தாழ 60,000 கோப்புகளை அவசரமாக முடித்திருந்தது. 'லகே ரஹோ முன்னா பாய்' படத்தின் காந்திகிரி பாணியில், துறைத் தலைவர் எமிலியோ கொன்சாலஸுக்கு இந்தியர்கள் நூற்றுக்கணக்கில் பூங்கொத்துகள் அனுப்பினார்கள். அவர் அவற்றை வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக்குத் திருப்பிவிட்டார். ஜூலை 17-இல் துறை பின்வாங்கி, ஆகஸ்ட் 17 வரை மனுக்களைப் பெற்றுக்கொண்டது.

அந்த ஒரு மாதம் இந்தியத் தொழில்முறையாளர்களை இரு சாதிகளாகப் பிரித்தது. ஐ-485 போட்டுவிட்டவர்களுக்கு ஈஏடி என்ற வேலை அனுமதி கிடைத்தது, மனைவியும் வேலைக்குப் போகலாம், ஆறு மாதம் கழிந்தால் அதே வகை வேலைக்கு நிறுவனம் மாறலாம். பின்னால் வந்தவர்களுக்கு ஒவ்வொரு புது நிறுவனத்திலும் பெர்ம் புதிதாகத் தொடங்கும். பழைய தேதி மட்டும் கைவசம் இருக்கும். அவர்களின் துணைவர்களுக்கு வேலை அனுமதி வர 2015 மே வரை ஆனது.

தேதி முன்னும் பின்னும் ஆடியதற்கு 2012 நல்ல சான்று. வசந்தத்தில் இந்திய ஈபி-2 தேதி 2010 மே மாதத்தை எட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் 2004 செப்டம்பருக்குச் சரிந்தது.

நாட்டு வரம்பை நீக்கும் மசோதாக்களில் கரையை நெருங்கியது ஒன்றே. அதை செனட்டில் மைக் லீயும் ஷியாமளாவின் மகள் கமலா ஹாரிஸும் 2019 பிப்ரவரியில் கொண்டுவந்தார்கள். அதன் இணை மசோதா ஜூலை 10-இல் கீழவையில் 365-65 என்று நிறைவேறியது. செனட்டில் எதிர்த்தவர்களின் வாதத்தை உதறிவிட முடியாது: மொத்த இடங்களைக் கூட்டாமல் வரம்பை மட்டும் எடுத்தால், பிற நாட்டுச் செவிலியரும் ஆய்வாளரும் இந்தியர்களுக்குப் பின்னால் பல ஆண்டுகள் நிற்க நேரும். விட்டுக்கொடுத்துத் திருத்திய வடிவம் 2020 டிசம்பர் 2-இல் செனட்டில் எதிர்ப்பின்றி நிறைவேறியது. இரு அவைகளின் வாசகங்களும் வேறுபட்டன. ஒன்றாக்குவதற்குள் அந்த காங்கிரஸின் காலம் முடிந்தது.

கொரோனாவால் குடும்பப் பிரிவில் மிஞ்சிய இடங்கள் சேர்ந்து 2021 நிதியாண்டில் வேலைவாய்ப்புப் பிரிவு ஏறத்தாழ 2,62,000 ஆனது. கோப்புகளை நகர்த்த முடியாமல் செப்டம்பர் 30-இல் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் காலாவதியாயின. கேட்டோ ஆய்வு நிறுவனத்தின் 2023 மதிப்பீட்டின்படி வரிசையில் நின்ற 18 லட்சம் பேரில் 11 லட்சம் பேர் இந்தியர்கள். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்த பிரகடனம், அகலமாக இருந்த முதல் வாசலையும் ஒடுக்கியது. உள்ளே ஏற்கெனவே நிற்பவர்களின் தேதியை அது தொடவில்லை. அவர்களோடு கைக்குழந்தையாகப் போனவர்கள், பெற்றோரின் தேதி வருவதற்குள் 21 வயதை எட்டினால் அந்தக் கோப்பிலிருந்து கழிக்கப்படுகிறார்கள். 2002-இல் வந்த குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம், ஐ-140 பரிசீலனையில் கழிந்த நாள்களை மட்டுமே அவர்கள் வயதிலிருந்து குறைக்கிறது. நாட்டு வரம்பால் கழிந்த ஆண்டுகள் அதன் கணக்கில் வருவதில்லை.