சாரணர் குழுக்களில் இளைஞர் விருதுத் திட்டம்: சான்றிதழுக்கு அப்பால்

பாடசாலைக் கல்வியை நிறைவுசெய்து வெளியேறும் மாணவரிடம் கேட்கப்படும் முதலாவது கேள்வி பரீட்சைப் பெறுபேறு பற்றியதாகும். வேறு என்ன சான்றிதழ்கள் உள்ளன என்பது இரண்டாவது கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடும் அவசரத்திலேயே எமது பாடசாலைகளின் இணைப்பாடவிதானச் செயற்பாடுகள் பல நடைபெறுகின்றன. சாரணர் இயக்கமும் இளைஞர் விருதுத் திட்டமும் இதற்கு விதிவிலக்கல்ல. இவ்விரண்டையும் ஒரே குழுவினுள் இணைத்து நடத்துவது சாத்தியமானது, பயனுள்ளதுமாகும். ஆனால் அதனை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது, எங்கே தவறு நேர வாய்ப்புண்டு என்பவற்றைச் சாரண ஆசிரியர்களும் பெற்றோரும் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

இரு இயக்கங்கள், ஒரே நோக்கு

பேடன் பவல் 1907 ஆகஸ்ட் மாதத்தில் இங்கிலாந்தின் பிரவுன்ஸீ தீவில் சுமார் 20 சிறுவர்களுடன் நடத்திய பாசறையே சாரணர் இயக்கத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1912 இல், பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் என்பவரால் மாத்தளையில் இது இலங்கைக்கு அறிமுகப்படுத்தப்பட்டது. சாரணியர் இயக்கம் 1917 இல் கண்டியில் ஆரம்பமானது.

எடின்பரோ கோமகன் விருது பிற்காலத்தில் தோன்றியதாகும். நாஸிகளை எதிர்த்தமைக்காக 1933 இல் சிறைவைக்கப்பட்டு, பின்னர் பிரித்தானியாவில் குடியேறிய ஜேர்மன் கல்வியாளரான கேர்ட் ஹான், ஸ்கொட்லாந்தில் கோர்டன்ஸ்டன் பாடசாலையை 1934 இல் நிறுவினார். உடல் வலு, முன்முயற்சி, கைத்திறன், சுயகட்டுப்பாடு, பிறர்மீதான இரக்கம் ஆகியன நவீன வாழ்வில் இளைஞரிடம் தேய்ந்து செல்கின்றன என்பது அவரது கருத்தாகும். அங்கு கல்வி பயின்ற இளவரசர் பிலிப், ஹானின் எண்ணங்களை அடிப்படையாகக் கொண்டு 1956 இல் இந்த விருதினை ஆரம்பித்தார். 1953 இல் எவரெஸ்ட் சிகரத்தை எட்டிய குழுவின் தலைவர் ஜோன் ஹன்ட் அதன் முதலாவது பணிப்பாளரானார். முதலில் ஆண்களுக்கென அமைந்த இத்திட்டத்தில் 1958 இல் பெண்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். இன்று அது 130 க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்புலங்களிலும் நடைபெறுகின்றது. இலங்கையில் தேசிய இளைஞர் விருது அதிகாரசபை இதற்குப் பொறுப்பான அமைப்பாகச் செயற்பட்டு வந்துள்ளது.

இரு இயக்கங்களும் வகுப்பறைக்கு வெளியே, செய்து கற்பதை வலியுறுத்துகின்றன. ஆயினும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சாரணர் இயக்கம் அணியை அடிப்படையாகக் கொண்டது. விருதுத் திட்டமோ தனிமனிதரை அடிப்படையாகக் கொண்டது. ஒவ்வொருவரும் தமக்குரிய இலக்கைத் தாமே தெரிவுசெய்து, தம்முடைய வேகத்திலேயே அதனை நிறைவுசெய்கின்றனர். இங்கு ஒருவருடன் மற்றவர் போட்டியிடுவதில்லை. முதலாமிடம், இரண்டாமிடம் என்பனவும் இல்லை.

விருதின் கட்டமைப்பு

வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகள் உள்ளன. வெண்கலத்தை 14 வயதிலும் வெள்ளியை 15 வயதிலும் தங்கத்தை 16 வயதிலும் ஆரம்பிக்கலாம். எந்நிலையாயினும் 25 வயது நிறைவடைவதற்கு முன்னர் முடித்துக்கொள்ளல் வேண்டும். சேவை, திறன், உடல்சார் செயற்பாடு, துணிகரப் பயணம் என்னும் நான்கு பிரிவுகள் மூன்று நிலைகளுக்கும் பொதுவானவை. தங்க விருதுக்கு வதிவிடச் செயற்றிட்டம் என்ற ஐந்தாவது பிரிவும் உண்டு.

முதல் மூன்று பிரிவுகளுக்கும் வாரமொன்றுக்குச் சராசரியாக ஒரு மணித்தியாலம் என்பதே அளவுகோலாகும். வெண்கலத்துக்கு ஒவ்வொரு பிரிவிலும் மூன்று மாதங்களும், அவற்றுள் ஏதேனும் ஒன்றில் மேலதிகமாக மூன்று மாதங்களும் செலவிட வேண்டும். வெள்ளிக்கு ஒவ்வொன்றிலும் ஆறு மாதங்கள் தேவை. வெண்கலம் பெறாது நேரடியாக வெள்ளிக்கு வருபவர்கள் ஒரு பிரிவில் மேலும் ஆறு மாதங்கள் ஈடுபட வேண்டும். தங்கத்துக்கு ஒவ்வொன்றிலும் 12 மாதங்கள் தேவை. வெள்ளி பெறாதவர்களுக்கு இங்கும் ஒரு பிரிவில் ஆறு மாதங்கள் மேலதிகமாகும். துணிகரப் பயணம் வெண்கலத்துக்கு இரண்டு பகலும் ஓரிரவும், வெள்ளிக்கு மூன்று பகலும் இரண்டு இரவுகளும், தங்கத்துக்கு நான்கு பகலும் மூன்று இரவுகளும் கொண்டதாகும்.

இந்தக் கால அளவுகளே திட்டத்தின் உயிர்நாடி. வார இறுதிப் பாசறையொன்றில் 13 மணித்தியாலங்கள் சிரமதானம் செய்தால் கணக்கில் 13 மணித்தியாலங்கள் சேரலாம். ஆனால் அது மூன்று மாதச் சேவை ஆகாது. திட்டம் சோதிப்பது ஒருநாள் உற்சாகத்தை அல்ல. மழை பெய்யும் வாரத்திலும், பரீட்சை நெருங்கும் வாரத்திலும், மனம் சலிக்கும் வாரத்திலும் ஒரு பொறுப்பைக் கைவிடாதிருக்கும் பழக்கத்தையே அது வளர்க்க முனைகின்றது.

குழுவுக்குள் இணைப்பது எவ்வாறு?

முதலாவதாக, உரிய அமைப்பின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். விரும்பிய எவரும் தாமாக இந்த விருதை நடத்த முடியாது. அனுமதி பெற்ற பின்னர் பயிற்சி பெற்ற விருதுத் தலைவர் ஒருவரைக் குழுவில் நியமிக்க வேண்டும். சாரண ஆசிரியரே இப்பொறுப்பையும் ஏற்கலாம். எனினும் வாராந்தக் கூட்டம், பாசறை, மாவட்ட நிகழ்வுகள் என ஏற்கெனவே சுமை நிறைந்த ஒருவரிடம் பதிவுப் பணியையும் ஒப்படைத்தால் இரண்டும் பாதிக்கப்படும். பழைய சாரணர் ஒருவரோ, திரிசாரணர் ஒருவரோ, பொறுப்புணர்வுள்ள பெற்றோர் ஒருவரோ இதற்கெனத் தனியாக முன்வருவது நன்று.

இரண்டாவதாக, சாரணர் பணியில் எது விருதுக்கும் பொருந்தும் என்பதை ஆரம்பத்திலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மூத்த சாரணர் ஒருவர் குருளைச் சாரணர்களை வாரந்தோறும் பயிற்றுவிப்பாராயின் அது சேவையாகலாம். முதலுதவி கற்பது திறன் ஆகலாம். நீச்சல், கரப்பந்தாட்டம், எல்லே, சிலம்பம் போன்றவை உடல்சார் செயற்பாட்டுக்குப் பொருந்தும். ஆனால் ஒரே செயலை இரு பிரிவுகளில் கணக்கிட முடியாது. குடும்பத்தினருக்குச் செய்யும் உதவியும் ஊதியம் பெற்றுச் செய்யும் வேலையும் சேவையாகக் கொள்ளப்படா. ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு பிரிவையாவது சாரணர் குழுவுக்கு வெளியே தெரிவுசெய்வது சிறந்தது. கிராமத்து நூலகத்தில் உதவுவதும், சிங்கள மொழியோ மிருதங்கமோ தச்சு வேலையோ கற்பதும் அவர்களது உலகை விரிவாக்கும்.

மூன்றாவதாக, சாரணர் விருதுகளையும் இளைஞர் விருதையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளலாகாது. பிரித்தானிய சாரணர் இயக்கத்தில் இவை வெளிப்படையாகவே பிணைக்கப்பட்டுள்ளன. வெண்கல விருது பிளாட்டினம் நிலைச் சாரணர் விருதுக்கும், வெள்ளி வைர நிலைக்கும், தங்கம் அரசரின் சாரணர் விருதுக்கும் படிக்கட்டாக அமைகின்றன. அங்கும் மேலதிகச் செயற்பாடுகளைச் செய்தே சாரணர் விருதைப் பெற முடியும். எமது நாட்டில் ஜனாதிபதி சாரணர் விருதின் தேவைப்பாடுகளை நிர்ணயிப்பது இலங்கை சாரணர் சங்கமாகும். ஒன்றைப் பெற்றால் மற்றது தானாகக் கிடைத்துவிடும் என்ற எண்ணத்தைப் பிள்ளைகள் மனதில் விதைத்தல் தவறாகும்.

நாட்காட்டியும் பரீட்சைகளும்

எமது சூழலில் இத்திட்டம் தடைப்படுவதற்கான பெருங்காரணம் பரீட்சையும் தனியார் வகுப்புகளுமாகும். ஆனால் 25 வயது வரையான கால எல்லை பெற்றோரின் அச்சத்தைப் பெருமளவு நீக்கக்கூடியது. ஒன்பதாம் தரத்தில் வெண்கலத்தை ஆரம்பித்தால் சாதாரண தரப் பரீட்சைக்கு நீண்ட காலத்துக்கு முன்னரே அதனை முடித்துவிடலாம். சாதாரண தரப் பரீட்சை முடிந்து உயர்தர வகுப்புகள் தொடங்கும் வரையான இடைவெளி வெள்ளிக்கான பயணத்துக்கு ஏற்றது. உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையில் எமது மாணவர்கள் காத்திருக்கும் மாதங்கள் அநேகமாக வீணாகவே கழிகின்றன. தங்க விருதுக்கு அதனைவிடப் பொருத்தமான காலம் வேறில்லை. பாடசாலையை விட்டு விலகியதும் பிள்ளையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து வெட்டிவிடும் குழுக்கள், விருதை நிறைவுசெய்யக்கூடிய பலரை அவ்விடத்திலேயே இழந்துவிடுகின்றன.

பயணமும் பாதுகாப்பும்

துணிகரப் பயணம் நான்கு முதல் ஏழு பேர் கொண்ட குழுவாக மேற்கொள்ளப்படுவதாகும். மோட்டார் வாகன உதவியின்றித் தமது சொந்த உடலுழைப்பில் செல்ல வேண்டும். உணவு, கூடாரம், வரைபடம், வழித்தெரிவு யாவும் அவர்களது பொறுப்பே. மேற்பார்வையாளர் தொலைவிலிருந்து கண்காணிப்பாரேயன்றி முன்னால் நடந்து வழிகாட்ட மாட்டார். இறுதிப் பயணத்துக்கு முன்னர் குறைந்தது ஒரு பயிற்சிப் பயணமேனும் நடைபெறல் வேண்டும்.

வடக்கு, கிழக்கில் பாதையைத் தெரிவுசெய்யும்போது வடகீழ்ப் பருவமழைக் காலத்தையும், யானைகள் நடமாடும் இடங்களையும், கண்ணிவெடி எச்சரிக்கை இடப்பட்ட நிலங்களையும் முற்றாகத் தவிர்த்தல் வேண்டும். மலையகத்தில் மண்சரிவு எச்சரிக்கையையும் அட்டைக் கடியையும் ஒருசேரக் கணக்கிலெடுக்க வேண்டியுள்ளது. கிராம உத்தியோகத்தருக்கும் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் முன்கூட்டியே அறிவிப்பது சம்பிரதாயமன்று; அவசியமாகும்.

பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரைக் குறைகூறுவதில் பயனில்லை. பெண் மேற்பார்வையாளர் யார், எங்கே தங்குவர், இரவில் தொடர்புகொள்ள எந்த வழி உள்ளது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடையளித்தால் தயக்கத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும். முஸ்லிம் பிள்ளைகள் பங்குபற்றும் பயணங்களில் தொழுகை நேரங்கள் நடைத் திட்டத்திலேயே இடம்பெறுவதும், றமழான் நோன்புக் காலத்தைத் தவிர்ப்பதும், உணவை முன்னரே ஒழுங்கு செய்வதும் சலுகைகளல்ல. நல்ல திட்டமிடலின் இயல்பான பகுதிகளே இவை.

கையொப்பத்தின் பெறுமதி

ஒவ்வொரு பிரிவுக்கும் மதிப்பீட்டாளர் ஒருவர் உண்டு. அவர் அத்துறையை அறிந்தவராகவும் பங்குபற்றுநரின் குடும்பத்தைச் சாராதவராகவும் இருத்தல் வேண்டும். நூலகரோ, விளையாட்டுப் பயிற்றுநரோ, இசை ஆசிரியரோ வாரந்தோறும் கண்டதையே எழுதி உறுதிப்படுத்துகின்றார். அந்தக் கையொப்பத்துக்கு அப்பால் இவ்விருதுக்கு வேறு பரீட்சை இல்லை. ஆகவே அது பொய்யானால் முழு விருதும் பொய்யாகிவிடும்.

விருது வழங்கும் வைபவத்துக்குத் திகதி குறித்த பின்னர் ஒரே இரவில் பதிவேடுகளை நிரப்பும் பழக்கம் எங்கு தலைதூக்கினாலும் அது வளரவிடப்படலாகாது. இதனால் பாதிக்கப்படுபவர் முதலில் பொய்ப் பதிவு செய்த பிள்ளையல்ல. தொலைதூரக் கிராமமொன்றிலிருந்து, வசதிகள் ஏதுமின்றி, ஓராண்டு காலம் வாரந்தோறும் நடந்து சென்று சேவை செய்த பிள்ளையே பாதிக்கப்படுகின்றார். அவரது தங்கப் பதக்கத்தின் பெறுமதியை மற்றவரின் பொய்க் கையொப்பம் குறைத்துவிடுகின்றது. மாதத்துக்கு ஒரு தடவை பதிவேட்டைப் பரிசீலிப்பதும், விடுபட்ட வாரத்தை விடுபட்டதாகவே எழுதுவதும், காலம் நீண்டாலும் பரவாயில்லை என்று பிள்ளைக்கு எடுத்துரைப்பதும் விருதுத் தலைவரின் முதற்கடமைகளாகும். தாமதமாகப் பெற்ற விருதில் குறைவேதுமில்லை.

அறியாதவருடன் ஐந்து நாட்கள்

தங்க விருதின் வதிவிடச் செயற்றிட்டம் தனிக் கவனத்துக்குரியது. ஐந்து பகலும் நான்கு இரவுகளும், அன்றாடம் பழகும் நண்பர்கள் அல்லாதவர்களுடன் தங்கி, பொதுவான நோக்கமொன்றுக்காக உழைக்க வேண்டும் என்பதே இதன் நிபந்தனையாகும். ஏனைய நாடுகளில் இது ஒரு சாதாரண அனுபவமாக இருக்கலாம். இலங்கையில் இதன் பொருள் ஆழமானது. எமது பாடசாலைகள் பெரும்பாலும் மொழியாலும் மதத்தாலும் பிரிந்துள்ளன. பாடசாலையை அடிப்படையாகக் கொண்ட சாரணர் குழுக்களும் அதே பிரிவினையை இயல்பாகவே சுமக்கின்றன. காத்தான்குடியும் ஆரையம்பதியும் அடுத்தடுத்த ஊர்கள். ஆயினும் ஒரே கூடாரத்தில் உறங்கி, ஒரே அடுப்பில் சமைத்து அறியாத இளைஞர்கள் இரு ஊர்களிலும் உள்ளனர்.

மாவட்ட மட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களக் குழுக்களின் தலைவர்கள் கூடி, தங்கநிலைப் பங்குபற்றுநர்களுக்கான வதிவிடச் செயற்றிட்டத்தை ஆண்டுதோறும் கூட்டாக நடத்துவார்களாயின், விதியின் தேவையும் நாட்டின் தேவையும் ஒருங்கே நிறைவேறும். குளமொன்றைத் துப்புரவு செய்வதோ, கடற்கரையில் மரம் நடுவதோ, கிராமப் பாடசாலையொன்றுக்கு வர்ணம் பூசுவதோ போதுமானது. உரைகளும் உறுதிமொழிகளும் அங்கு தேவையில்லை.

சாரணர் குழுவொன்று இத்திட்டத்தை ஆரம்பிப்பதற்குப் பெருநிதி தேவையில்லை. அனுமதியும் நேர்மையான பதிவேடும் பொறுமையுள்ள ஒருவரும் இருந்தால் நான்கைந்து பிள்ளைகளுடன் வெண்கல நிலையிலிருந்து தொடங்கலாம். முதலாம் ஆண்டில் எத்தனை பேர் பதக்கம் பெற்றனர் என்பதைவிட, ஆரம்பித்தவர்களுள் எத்தனை பேர் இறுதிவரை நிலைத்திருந்தனர் என்பதைக் கொண்டே அக்குழுவை மதிப்பிட வேண்டும். பெற்றோரும் அதிபர்களும் அந்தக் கேள்வியையே கேட்கப் பழகுவார்களாயின், சான்றிதழின் பெறுமதி தானாகவே உயரும்.