தடுப்பு மருந்துக் குளிர்பதனச் சங்கிலி

தடுப்பு மருந்துக் குளிர்பதனச் சங்கிலி என்பது, தடுப்பு மருந்துகள் உற்பத்திச் சாலையிலிருந்து பயனாளியைச் சென்றடையும் வரை அவற்றை உரிய வெப்பநிலையில் சேமித்தும் கொண்டுசென்றும் காக்கும் முறைமை ஆகும். கருவிகள், பயிற்சி பெற்ற பணியாளர்கள், வரையறுக்கப்பட்ட செயல்முறைகள் ஆகிய மூன்றும் இதன் கூறுகள் ஆகும். தடுப்பு மருந்து வழங்கல் சங்கிலியின் ஏற்பாட்டியல் பகுதியாக இது அமைகிறது.

பெரும்பாலான தடுப்பு மருந்துகள் 2 முதல் 8 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலையில் வைக்கப்பட வேண்டியவை. வெப்பநிலை இவ்வெல்லையைத் தாண்டினால் மருந்தின் வீரியம் குறையும். இழந்த வீரியத்தை மீண்டும் குளிரூட்டுவதால் திரும்பப் பெற முடியாது. வீரியம் இழந்த மருந்து பெரும்பாலும் பார்வைக்கு நல்ல மருந்தைப் போலவே இருக்கும். அதைப் பெற்ற குழந்தையின் பெயர் பதிவேட்டில் தடுப்பு மருந்து பெற்றோர் வரிசையில் இடம்பெறும். ஆனால் அக்குழந்தைக்கு நோயெதிர்ப்பு கிடைத்திராது. ஆகவே மருந்தைக் கொண்டு சேர்ப்பது மட்டுமன்றி, அது நல்ல நிலையில் வந்து சேர்ந்தது என்பதை உறுதி செய்வதும் இச்சங்கிலியின் பணியாகும்.

வழங்கல் சங்கிலியும் ஏற்பாட்டியலும்

வழங்கல் சங்கிலி மேலாண்மை ஒரு பொருளின் மூலப்பொருள் முதல் நுகர்வு வரையிலான அனைத்தையும் ஒருங்கிணைப்பது. தடுப்பு மருந்தைப் பொறுத்தவரை, ஓர் ஆண்டில் எத்தனை குழந்தைகள் பிறக்கும், எவ்வளவு மருந்து தேவைப்படும், அதை எந்த உற்பத்தியாளரிடம் எப்போது வாங்குவது என்பன போன்ற முடிவுகள் இதில் அடங்கும். லாஜிஸ்டிக்ஸ் என்று பரவலாக அறியப்படும் ஏற்பாட்டியல் இதன் ஒரு பகுதி. சேமிப்பு, போக்குவரத்து, இருப்புக் கணக்கு, விநியோகம் ஆகியவை இதற்குள் வருகின்றன.

சரியான பொருளை, சரியான அளவில், சரியான நிலையில், சரியான இடத்துக்கு, சரியான நேரத்தில், சரியான செலவில் சேர்ப்பது ஏற்பாட்டியலின் நோக்கமாகக் கூறப்படுகிறது. தடுப்பு மருந்தில் இவற்றுள் "சரியான நிலை" என்பதே மிகக் கடினமானது.

ஏற்பாட்டியல் சிறப்பாக இருந்தாலும் வழங்கல் சங்கிலியின் பிற பகுதிகளில் ஏற்படும் குறையை அதனால் ஈடுசெய்ய முடியாது. 2008 சனவரியில் கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம், குன்னூர் பாசுச்சர் நிறுவனம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களின் உற்பத்தி உரிமங்கள் இடைநிறுத்தப்பட்டன. 2010இல் அந்த இடைநிறுத்தம் விலக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நாட்டின் திட்டம் தனியார் உற்பத்தியாளர்களையே பெரிதும் சார்ந்திருக்க வேண்டியதாயிற்று. கிடங்கும் குளிர்பெட்டியும் இருந்தாலும், உற்பத்தி தடைப்பட்டால் அவற்றில் வைக்க மருந்து இராது. மறுபுறம், போதிய மருந்து வாங்கப்பட்டிருந்தாலும் அது வழியில் கெட்டுவிட்டால் பயனில்லை.

வரலாறு

குளிர்பதன வசதி தோன்றுவதற்கு முன்னர் தடுப்பு மருந்தை நெடுந்தொலைவு கொண்டுசெல்வது பெரும் சிக்கலாக இருந்தது. 1803 நவம்பரில் எசுப்பானியாவிலிருந்து அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் பெரியம்மைத் தடுப்பைக் கொண்டுசெல்ல மருத்துவர் பிரான்சிசுக்கோ சேவியர் டி பால்மிசு தலைமையில் ஒரு பயணக் குழு புறப்பட்டது. கப்பலில் 22 அநாதைச் சிறுவர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். ஒருவரது கையில் தோன்றிய பசு அம்மைக் கொப்புளத்திலிருந்து பாலை எடுத்து அடுத்தவருக்குக் குத்தி, கடற்பயணம் முழுவதும் அம்மைப் பால் உயிர்ப்புடன் காக்கப்பட்டது. இச்சங்கிலியில் மனித உடலே சேமிப்புக் கலமாகப் பயன்பட்டது.

1950களில் இலண்டன் லிசுட்டர் நிறுவனத்தைச் சேர்ந்த லெசுலி காலியர், பெரியம்மைத் தடுப்பு மருந்தை உறையவைத்து உலர்த்தும் முறையைப் பெருமளவு உற்பத்திக்கு ஏற்ற வகையில் மேம்படுத்தினார். இம்மருந்து வெப்ப நாடுகளிலும் குளிர்பதனமின்றிப் பல வாரங்கள் வீரியம் இழக்காதிருந்தது. உலக சுகாதார அமைப்பு 1967இல் தீவிரப்படுத்திய பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தின் வெற்றிக்கு இது ஒரு முக்கியக் காரணம். 1980இல் பெரியம்மை ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் பிற மருந்துகளில் பல இத்தகைய வெப்பத் தாங்குதிறன் உடையவை அல்ல. உலக சுகாதார அமைப்பு 1974இல் விரிவாக்கப்பட்ட தடுப்பு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, சிற்றூர்கள் வரை குளிர்பதன வசதியை ஏற்படுத்துவது இன்றியமையாததாயிற்று. இந்தியாவில் இத்திட்டம் 1978இல் தொடங்கப்பட்டு, 1985 முதல் அனைவருக்குமான தடுப்பு மருந்துத் திட்டமாக நடைபெறுகிறது.

வெப்பமும் உறைதலும்

மருந்துகள் தத்தம் இயல்புக்கேற்ப வெவ்வேறு வகையில் பாதிக்கப்படுகின்றன.

வெப்பத்தால் எளிதில் கெடுபவை: வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து இவற்றுள் முதன்மையானது. தட்டம்மைத் தடுப்பு மருந்தும் இவ்வகையைச் சார்ந்தது. இவை உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட நுண்ணுயிரிகளைக் கொண்டவை.

உறைந்தால் கெடுபவை: முத்தடுப்பு ஊசி, கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி, ஐந்தடுப்பு ஊசி முதலியவை. இவற்றில் நோயெதிர்ப்பைத் தூண்டுவதற்காக அலுமினிய உப்பு சேர்க்கப்பட்டுள்ளது. மருந்து உறையும்போது இவ்வுப்புத் துகள்கள் திரண்டு கட்டியாகி, மருந்து வீரியம் இழக்கிறது.

குளிர் குறைந்தால்தான் ஆபத்து என்று பொதுவாக எண்ணப்படுவதால், மிகைக் குளிரால் ஏற்படும் சேதம் கவனிக்கப்படாமல் போவதுண்டு. நன்கு உறைந்த பனிக்கட்டிப் பொதிகளுக்கு நடுவே வைக்கப்பட்ட ஐந்தடுப்பு ஊசி, வெயிலில் வைக்கப்பட்டதைவிட விரைவாகக் கெட்டுப்போகலாம்.

மருந்து உறைந்ததா என அறியக் குலுக்கல் சோதனை உதவுகிறது. அதே தொகுதியைச் சேர்ந்த ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து, பின் உருகவைக்க வேண்டும். அதையும் ஐயத்துக்குரிய குப்பியையும் ஒன்றாகக் குலுக்கி வைத்து வீழ்படிவைக் கவனிக்க வேண்டும். ஐயத்துக்குரிய குப்பியிலும் அதே வேகத்திலோ அதைவிட விரைவாகவோ வீழ்படிவு தோன்றினால் அது உறைந்த மருந்து எனக் கொண்டு கழிக்கப்படும்.

இந்தியாவில் விநியோக அமைப்பு

உற்பத்தியாளர்களிடமிருந்து பெறப்படும் மருந்து பல படிநிலைகளைக் கடந்து செல்கிறது.

1. சென்னை, மும்பை, கொல்கத்தா, கர்னால் ஆகிய இடங்களில் உள்ள நடுவண் அரசின் மருந்துக் கிடங்குகள்
2. மாநிலக் கிடங்குகள்
3. மண்டலக் கிடங்குகளும் மாவட்டக் கிடங்குகளும்
4. ஆரம்ப சுகாதார நிலையம் முதலிய குளிர்பதன மையங்கள்
5. ஊசி போடப்படும் இடங்கள்

மருந்து எப்போதும் எல்லாப் படிகளையும் கடக்க வேண்டும் என்பதில்லை. உற்பத்தியாளரிடமிருந்து நேரடியாக மாநிலக் கிடங்குக்கும் செல்வதுண்டு. நாடு முழுவதும் 27,000க்கும் மேற்பட்ட குளிர்பதன மையங்கள் உள்ளன. மருந்து ஒவ்வொரு முறை கைமாறும்போதும் வெப்பநிலை எல்லை மீறப்பட வாய்ப்பு ஏற்படுகிறது. எனவே படிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும் ஏற்பாட்டியலில் ஒரு முன்னேற்றமே.

கருவிகள்

பெரிய கிடங்குகளில் உள்ளே நடந்து செல்லக்கூடிய குளிரறைகளும் உறைஅறைகளும் உள்ளன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஐ.எல்.ஆர். எனப்படும் பனிக்கட்டி உறையுடைய குளிர்பெட்டி பயன்படுகிறது. இதன் சுவர்களினுள் உள்ள பனிக்கட்டிப் படலம் மின்சாரம் இல்லாதபோதும் குளிரைத் தக்கவைக்கிறது. நாளொன்றுக்கு 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே இது போதிய குளிருடன் இருக்கும். இதன் கதவு மேற்புறத்தில் அமைந்துள்ளது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால், மேற்கதவைத் திறக்கும்போது அது வெளியே கொட்டிவிடுவதில்லை. வீட்டுக் குளிர்பதனப் பெட்டி மருந்துக்கு உகந்ததாகக் கருதப்படாமைக்கு அதன் முன்கதவும் ஒரு காரணம்.

இப்பெட்டியின் அடிப்பகுதியே மிகவும் குளிர்ந்தது. ஆகவே சொட்டு மருந்தும் தட்டம்மை மருந்தும் கீழேயும், உறைந்தால் கெடும் மருந்துகள் மேற்கூடைகளிலும் வைக்கப்படுகின்றன.

சிற்றூர்களுக்கு மருந்து வேக்சின் கேரியர் எனப்படும் கைப்பெட்டியில் எடுத்துச் செல்லப்படுகிறது. இதில் நான்கு பனிக்கட்டிப் பொதிகள் வைக்கப்படும். உறைநிலையிலிருந்து எடுத்த பொதிகளை உடனே பெட்டியில் வைக்கக்கூடாது. அவை சற்று உருகி, குலுக்கினால் உள்ளே நீர் அசையும் ஓசை கேட்கும் வரை வெளியே வைத்திருக்க வேண்டும். ஊசி மருந்து உறைந்து போகாமல் காப்பது இந்தச் சிறு காத்திருப்பே.

கண்காணிப்பு

மருந்தின் நிலை கண்ணுக்குத் தெரியாதது என்பதால், அதைத் தெரியச் செய்யும் வழிமுறைகள் உருவாக்கப்பட்டன.

வி.வி.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும் குப்பிக் காட்டி 1996 முதல் சொட்டு மருந்துக் குப்பிகளில் பயன்பாட்டுக்கு வந்தது. இது ஒரு வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் கொண்ட ஒட்டி. வெப்பம் படப்பட உட்சதுரம் படிப்படியாகக் கருமையடையும், இம்மாற்றம் மீளாதது. சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருக்கும் வரை, காலாவதியாகாத மருந்தைப் பயன்படுத்தலாம். இரண்டும் ஒரே நிறமானாலோ சதுரம் மேலும் கருத்தாலோ கழித்துவிட வேண்டும். பொதுவாக முதலில் காலாவதியாகும் குப்பியே முதலில் வழங்கப்படும். ஆயினும் காட்டி கூடுதலாகக் கருத்துள்ள குப்பிக்கு அதைவிட முன்னுரிமை உண்டு. இக்காட்டி வெப்பத்தை மட்டுமே பதிவு செய்யும், உறைதலைக் காட்டாது.

இந்தியாவில் 2015 முதல் ஈ-வின் எனும் மின்னணு வலையமைப்பு படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. குளிர்பதன மையப் பணியாளர்கள் மருந்து இருப்பைக் கைப்பேசிச் செயலியில் பதிகின்றனர். குளிர்பெட்டியில் பொருத்தப்பட்ட உணரிகள் வெப்பநிலையை அனுப்புகின்றன. எல்லை மீறினால் பொறுப்பாளருக்கு எச்சரிக்கை செல்லும். ஓரிடத்தில் மிகுந்திருக்கும் மருந்தைப் பற்றாக்குறை உள்ள இடத்துக்கு மாற்றவும் இது வழிவகுத்தது. கோவிட்-19 தடுப்பூசித் திட்டத்துக்கான கோ-வின் தளம் இதன் விரிவாக்கமாக உருவாக்கப்பட்டது.

மாறுபட்ட வெப்பநிலைத் தேவைகள்

சில மருந்துகளுக்கு மிகுகுளிர் தேவை. காங்கோ மக்களாட்சிக் குடியரசில் 2018 முதல் 2020 வரை பரவிய எபோலா நோயின்போது, மைனஸ் 60 பாகை செல்சியசுக்குக் கீழே வைக்க வேண்டிய மருந்து, பல நாட்கள் குளிரைக் காக்கும் தனிக் கலங்களில் கொண்டுசெல்லப்பட்டது. 2020இல் வெளிவந்த ஃபைசர் கோவிட் தடுப்பூசிக்கும் தொடக்கத்தில் இத்தகைய மிகுகுளிர் தேவைப்பட்டது. 2021 சனவரி 16 அன்று தொடங்கிய இந்தியத் திட்டத்தில் முதலில் பயன்படுத்தப்பட்ட கோவிசீல்டு, கோவாக்சின் ஆகிய இரண்டும் 2 முதல் 8 பாகைக்குள் வைக்கக்கூடியவை. ஆகவே ஏற்கெனவே இருந்த குளிர்பதன அமைப்பையே விரிவாக்கிப் பயன்படுத்த முடிந்தது.

இதற்கு மாறாக, ஆப்பிரிக்க நாடுகளுக்கான மூளையுறை அழற்சித் தடுப்பு மருந்தான மெனாஃபிரிவாக், 40 பாகை வரையிலான வெப்பத்தில் நான்கு நாட்கள் வரை இருக்கலாம் என 2012இல் ஏற்பளிக்கப்பட்டது. இதனால் கடைசிக் கட்டப் பயணத்துக்குப் பனிக்கட்டி தேவையற்றதாயிற்று.

சிக்கல்கள்

பல வேளை மருந்து கொண்ட குப்பிகள் குளிர்பெட்டியில் குறைந்த இடமே பிடிக்கின்றன; விலையும் குறைவு. ஆனால் தட்டம்மை, பி.சி.ஜி. மருந்துகளைக் கரைத்தபின் 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது இந்திய விதி. ஒரு குழந்தை மட்டுமே வந்துள்ள இடத்தில் குப்பியைத் திறந்தால் மீதி வீணாகும். திறக்காவிட்டால் அக்குழந்தை மருந்தின்றித் திரும்பும். மீண்டும் வராமலும் போகலாம். இதனால் குறிப்பிட்ட அளவு வீணாதல் தேவைக் கணக்கீட்டிலேயே சேர்க்கப்படுகிறது.

இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 சனவரியில் மேற்கு வங்கத்தின் அவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் தென்கிழக்காசிய மண்டலம் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. வெப்பத்தால் மிக எளிதில் கெடும் ஒரு சொட்டு மருந்தைக் கடும் வெப்பம் நிலவும் நாட்டின் கடைக்கோடி வரை வீரியம் குறையாமல் கொண்டு சேர்த்ததால் கிட்டிய பயன் இது.