அறியொணாவாதம்

கடவுள் உண்டா, இல்லையா என்பதை மனிதரால் அறிய முடியாது என்னும் கொள்கை அறியொணாவாதம். 'ஒணா' என்பது 'ஒண்ணா' என்பதன் குறுக்கம். 'இயலாத' என்று பொருள். இதற்கான ஆங்கிலச் சொல்லைக் கிரேக்க வேரிலிருந்து 1869இல் உருவாக்கியவர் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி.

சொல் பிறக்கும் முன்பே அவர் அந்த ஐயத்தோடு வாழ்ந்தவர். 1860 செப்டம்பரில், நான்கு வயதுகூட நிறையாத மூத்த மகன் நோயல் ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்தான். ஆறுதல் கூறி எழுதிய நண்பர் சார்ல்ஸ் கிங்ஸ்லி ஒரு பாதிரியார். அத்தனை துயரத்திலும் ஹக்ஸ்லி மனத்தை மறைக்கவில்லை: மறுமையை நம்பச் சான்றில்லை, மறுக்கவும் வழியில்லை என்று நீண்ட பதில் எழுதினார். அவர்களின் கடிதப் போக்குவரத்து அதன் பிறகும் தொடர்ந்தது.

கடவுள் இல்லை என்று மறுப்பது நாத்திகம். அறியொணாவாதத்தையும் நாத்திகத்தையும் ஒன்றாகக் கொள்வது பிழை.