பரமார்த்த குரு கதையும் பிறமொழிக் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

பரமார்த்த குருவின் கதையைத் தமிழ் உரைநடையின் தொடக்க நூல்களுள் ஒன்றாகவும் நகைச்சுவை இலக்கியமாகவும் கருதுவது வழக்கம். அது தமிழரல்லாதார் தமிழ் பயில்வதற்கென எழுதப்பெற்ற வாசகம் என்னும் செய்தி இலக்கிய வரலாறுகளில் பெரும்பாலும் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. அந்நோக்கத்தை முன்னிறுத்திக் காணின், கதைவழி மொழி கற்பித்தல் பற்றிய இன்றைய விவாதத்திற்கு அந்நூல் ஒரு பழைய சான்றாகிறது. பிற்காலத்தார் அதனைக் கையாண்ட முறையோ அதனினும் பயனுள்ள பாடமாகும். இவ்விரண்டையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. வீரமாமுனிவரின் திட்டம்

இத்தாலியில் 1680இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் வீரமாமுனிவர், மதுரை மறைப்பணிக்கெனத் தமிழகம் வந்தவர். தேம்பாவணியும் தொன்னூல் விளக்கமும் செந்தமிழில் அவர் பெற்ற புலமைக்குச் சான்றுகள். ஆயின், புதிதாக வரும் பாதிரிமார்க்கு உடனடித் தேவை செந்தமிழன்று. மக்களோடு பேசுதற்குரிய வழக்குத் தமிழே. இதனை உணர்ந்தே கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனியே இலத்தீன் மொழியில் இலக்கணம் செய்தார். இருவகை வழக்குடைய ஒரு மொழியைக் கற்பிப்போர் முதலில் தீர்க்கவேண்டிய சிக்கல் இது.

இலக்கணத்தை அடுத்து அகராதி. வழக்குத் தமிழ் - இலத்தீன் அகராதியோடு சார்த்திப் பயிற்சி வாசகமாகப் பரமார்த்த குருவின் கதை. அதற்கு இலத்தீன் பெயர்ப்பையும் அவரே செய்தார். விதியும் சொல்லும் கற்றவன் தொடர்ந்த பேச்சைச் சந்திக்கும் இடமாகக் கதை அமைந்தது. அறவுரையோ மறைநூற் பகுதியோ அன்றி, அறிவிலிகளின் கதையை ஒரு துறவி அவ்விடத்தில் வைத்தமை எண்ணத்தக்கது.

3. கதையின் அமைப்பும் கற்றல் பயனும்

எட்டுக் கதைகளைக் கொண்ட இந்நூலின் முதற்கதையில் குருவும் சீடர் ஐவரும் ஆற்றைக் கடக்க வருகின்றனர். ஆறு உறங்குகிறதா என்றறியக் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கின்றனர், அது சீறுகிறது, ஆறு விழித்திருக்கிறதென அஞ்சுகின்றனர். பின்னர் அவிந்த அதே கட்டையைத் தோய்த்து, ஓசை எழாமையால் உறங்கிவிட்டதெனத் துணிந்து கடக்கின்றனர். கரையேறியபின் எண்ணிப் பார்க்கையில், எண்ணுபவன் தன்னை விட்டுவிடுவதால் அறுவர் ஐவராகின்றனர்.

இங்கு ஒரே செயல் சிறு மாற்றத்துடன் மீள நிகழ்கிறது; அதனோடு ஒரே சொற்றொகுதியும் மீள வருகிறது. முதன்முறை பொருள் விளங்காத சொல் மறுமுறை சூழலால் விளங்கும். எண்ணிக்கை தவறியதைக் கற்பவன் சீடர்க்கு முன்னரே அறிந்துகொள்கிறான். அவன் நகைப்பானாயின் வாசகத்தைப் புரிந்துகொண்டான் என்பது உறுதி. வேறு வினா கேட்டுச் சோதிக்கவேண்டுவதில்லை.

இக்கதைக்கூறுகள் ஐரோப்பியர்க்கு முற்றிலும் புதியனவுமல்ல. தன்னை விட்டு எண்ணும் மூடரும், பூசணிக்காயைக் குதிரை முட்டையெனக் கொள்வோரும் பல நாட்டு வாய்மொழிக் கதைகளில் உளர். முதற்கதையின் இடையே வரும் இறைச்சி கவ்விய நாய் ஈசாப்பின் கதைகளில் அறிமுகமானது. அறிந்த கதையில் அறியாத சொல் தடையாவதில்லை.

சீடரின் பெயர்களும் கருதத்தக்கன: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். இவற்றுள் நான்கு அறிவின்மை குறிக்கும் சொற்கள். ஒருபொருட் பன்மொழிப் பாடமாகவே அமைந்துள்ளன. எஞ்சிய மிலேச்சன், மொழி திருந்தப் பேச அறியாத அயலானைக் குறித்த வடசொல். தமிழ் பயிலும் அயலார் கூட்டத்தில் அப்பெயர் யாரை நோக்கியது என்பது சொல்லாமலே விளங்கும்.

4. வாசகம் பாடமாக மாறியது

1812இல் சென்னையில் தொடங்கப்பெற்ற புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, இளம் ஆங்கில அலுவலர்க்குத் தென்மொழிகளைக் கற்பித்துத் தேர்வும் நடத்தியது. அக்கல்லூரியைச் சார்ந்த தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த பஞ்சதந்திரக் கதை 1826இல் வெளிவந்தது. அங்கும் கதையே வாசகமாயிற்று. ஆயின் நடை புலமை சார்ந்தது.

சென்னை அரசுப் பணியிலிருந்த பெஞ்சமின் பாபிங்டன் பரமார்த்த குருவின் கதையை 1822இல் இலண்டனில் பதிப்பித்தார். ஆங்கிலப் பெயர்ப்பு, சொற்பட்டியல், முதற்கதைக்குச் சொற்பகுப்பு ஆகியவை அதில் இணைக்கப்பெற்றன. தனியே பயில்வோர்க்கு இவை பேருதவி என்பதில் ஐயமில்லை. எனினும், நகைத்துக்கொண்டே கடக்கவேண்டிய ஆற்றைச் சொல் சொல்லாக அளந்து கடக்கும் நிலை இதனால் நேர்ந்தது. பொருளை ஆங்கிலம் தந்துவிட, தமிழ் பகுப்புக்குரிய பொருளாயிற்று. 1861இல் வெளிவந்த மற்றோர் இலண்டன் பதிப்பில் சீடர் நூடுல், டூடுல் முதலிய ஆங்கிலப் பெயர்கள் பெற்றனர். மொழிபெயர்ப்பு நோக்கில் அது தக்க தீர்வே; ஆயின் தமிழ் கற்பிக்கும் நோக்கம் அங்கு முற்றிலும் மறைந்தது.

5. இக்காலக் கொள்கைகள்

தன் நிலையினும் சற்றே உயர்ந்த மொழியைப் பொருளுணர்ந்து ஏற்பதாலேயே ஒருவன் மொழியைப் பெறுகிறான் என்றும், அச்சம் அதற்குத் தடை என்றும் ஸ்டீபன் கிராஷன் 1982இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். 'புரியத்தக்க உள்ளீடு' என்பது இக்கொள்கையின் மையம். நம் நாட்டில் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை கருநாடக, தமிழகப் பள்ளிகளில் நடத்திய ஆங்கிலக் கல்வித் திட்டமும், கவனம் பொருளில் இருக்கும்போதே வடிவம் படிகிறது என்னும் கருதுகோளை அடிப்படையாகக் கொண்டது. அவர் கையாண்டவை கதைகளல்ல; கால அட்டவணை, வரைபடம் போன்ற பணிகள்.

இவற்றை வீரமாமுனிவர் முன்னரே கண்டார் எனக் கூறுதல் மிகையாகும். அவர் இலக்கணத்தையும் அகராதியையும் கைவிட்டவரல்லர். அவற்றோடு கதையையும் வைத்தவர். எனினும், விதி நின்ற இடத்தில் விளங்கும் பேச்சு தொடங்கவேண்டும் என்பதை அவரது திட்டம் உணர்த்துகிறது.

6. முடிவுரை

ஒரே வாசகம் நோக்கத்திற்கேற்பப் பயிற்சியாகவும் பகுப்புப் பாடமாகவும் வேடிக்கைக் கதையாகவும் ஆயிற்று. கதை சேர்க்கப்பெற்றதனாலேயே ஒரு பாடநூல் கதைவழிக் கல்வி ஆகிவிடாது. கற்பவன் படிக்கும்போதே பொருளுணர்கிறானா என்பதே அளவுகோல். பிற மாநிலத்தார்க்கும் அயல்நாட்டில் வளரும் தமிழ்ச் சிறார்க்கும் நூல் ஆக்குவோர், பேச்சு வழக்கிலிருந்து எழுத்து வழக்கிற்குப் படிப்படியாக இட்டுச்செல்லும் கதைகளை ஆக்குதல் வேண்டும். முதற்கதையை இரு வழக்கிலும் எழுதி, மொழிபெயர்ப்பை எதிர்ப்பக்கத்தில் வையாது இறுதியில் வைத்து வெளியிடுதல் அதற்கு நல்ல தொடக்கமாகும்.