மாக்குலா சிதைவும் சத்து மாத்திரையும்: துத்தநாகத்திலிருந்து லூட்டின் வரை

விழித்திரையின் நடுவே உள்ள சிறிய பகுதி மாக்குலா. எழுத்தைப் படிப்பதற்கும், முகத்தை அடையாளம் காண்பதற்கும், ஊசியில் நூல் கோப்பதற்கும் அதுவே வேண்டும். முதுமையில் சிலருக்கு அது மெல்ல நலிகிறது. விழித்திரைக்கு அடியில் ‘ட்ரூசன்’ எனப்படும் மஞ்சள் படிவுகள் சேர்வது தொடக்க அடையாளம். முற்றினால் அங்குள்ள திசு தேய்ந்து போகும். அல்லது புதிய இரத்தக்குழாய்கள் முளைத்துக் கசியும். முன்னது உலர் வகை, பின்னது ஈர வகை. இரண்டிலும் நடுப்பார்வை போய், ஓரப்பார்வை எஞ்சும்.

1980களில் ஈர வகையினரில் ஒரு சிலருக்கு லேசர் உதவியது. உலர் வகைக்கு மருத்துவரிடம் எதுவும் இல்லை. சத்து மாத்திரைகள் கடைக்கு வந்தது இந்தக் கையறு நிலையில்தான்.

முதலில் வந்தது துத்தநாகம். விழித்திரையிலும் அதைத் தாங்கும் நிறமிப் படலத்திலும் இந்தத் தாது செறிந்திருக்கிறது. அமெரிக்காவின் லூசியானாவில் டேவிட் நியூசம் குழுவினர் 151 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி, 1988இல் முடிவை வெளியிட்டனர். நாளுக்கு இருமுறை 100 மில்லிகிராம் துத்தநாக சல்பேட் உட்கொண்டவர்களுக்குப் பார்வை இழப்பு குறைவாக இருந்தது. இது முன்னோட்ட ஆய்வு, நச்சு விளைவும் நேரலாம், ஆகவே பரவலாகப் பயன்படுத்த இப்போது இடமில்லை என்று ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். ஆனாலும் விற்பனை தொடங்கிவிட்டது. பின்னர் 1996இல் வெளியான வியன்னா ஆய்வில் துத்தநாகத்தால் பயன் தெரியவில்லை.

விழித்திரையில் எந்நேரமும் ஒளி படுகிறது. ஆக்சிஜன் செலவும் அங்கே அதிகம். அதனால் ஆக்சிஜனேற்றச் சேதம் நேர்கிறது, ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்கள் அதைத் தடுக்கக்கூடும் என்ற கருத்தும் அக்காலத்தில் வலுத்தது. மக்கள் ஏற்கெனவே மாத்திரைகளை வாங்கிக்கொண்டிருந்த நிலையில், அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் 1992இல் பெரிய சோதனையில் இறங்கியது. ‘ஏரெட்ஸ்’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அந்த ஆய்வில் 11 மருத்துவ மையங்களில் 55 முதல் 80 வயது வரையிலான 4,757 பேர் சேர்ந்தனர். அவர்களில் 3,640 பேர் மாக்குலா சோதனையில் இருந்தனர். ஒரு பிரிவுக்கு எதிர்ப்பொருள்கள், ஒரு பிரிவுக்குத் துத்தநாகம், மற்றொன்றுக்கு இரண்டும், நான்காவதற்கு மருந்தில்லா மாத்திரை.

எதிர்ப்பொருள்களாக வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 பன்னாட்டு அலகு, பீட்டா கரோட்டின் 15 மில்லிகிராம், அவற்றோடு துத்தநாகம் 80 மில்லிகிராம் என்பது அளவு. அன்றாட உணவால் எட்ட முடியாத அளவு இது. துத்தநாகம் மிகுந்தால் உடலில் செம்பு குறைந்து இரத்தசோகை வரும் என்பதால் 2 மில்லிகிராம் செம்பையும் சேர்த்தார்கள்.

முடிவு 2001 அக்டோபரில் வந்தது. நோயின் இடைநிலையில் இருந்தவர்களிலும், ஒரு கண்ணில் நோய் முற்றிவிட்டவர்களிலும், மருந்தில்லா மாத்திரை உட்கொண்ட நூறு பேரில் சுமார் 28 பேருக்கு ஐந்தாண்டுகளில் நோய் முற்றியது. முழுக் கலவையை உட்கொண்டவர்களில் அது 20 பேர். ‘ஆபத்து கால்பங்கு குறைகிறது’ என்று விளம்பரங்கள் சொல்வது இதைத்தான். நூற்றுக்கு எட்டுப் பேர் தப்பினார்கள் என்று சொன்னால் அதன் உண்மையான அளவு புலப்படும். போன பார்வை யாருக்கும் திரும்பவில்லை. தொடக்க நிலையில் இருந்தவர்களுக்குப் பயன் தென்படவில்லை, கண்புரையும் தடைபடவில்லை. நோய் வராமல் தடுக்கவென்று இந்த மாத்திரையை விற்பதற்கு அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை.

இந்தக் கலவையில் ஒரு பொருள் முடிவு வரும் முன்பே உறுத்தியது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் உட்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது 1994இலேயே தெரிந்தது. 1996இல் அமெரிக்காவில் இன்னொரு சோதனையும் இதே காரணத்தால் பாதியில் நின்றது. எனவே புகைப்பவர்கள் இந்த மாத்திரையைத் தவிர்க்கும்படி ஆயிற்று. புகைப்பழக்கமே மாக்குலா சிதைவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. மாத்திரை யாருக்கு மிகுதியும் வேண்டியிருந்ததோ, அவர்களுக்கே அது ஆகாததாகிவிட்டது.

மாற்று கீரையில் கிடைத்தது. மாக்குலாவின் மஞ்சள் நிறமிகள் லூட்டினும் ஜியாசாந்தினும் ஆகும். பசலை போன்ற கீரைகளை மிகுதியாக உண்டவர்களுக்கு முற்றிய மாக்குலா சிதைவு குறைவு என்று ஜொஹானா செடன் குழுவினர் 1994இல் காட்டினர். ஏரெட்ஸ் தொடங்கியபோது லூட்டின் மாத்திரை சந்தையில் கிடைக்கவில்லை. கிடைத்தது பீட்டா கரோட்டின்தான். பின்னர் செண்டுமல்லிப் பூ லூட்டினுக்கு முதன்மை மூலமாயிற்று. அதுவரை கோழித்தீவனத்தில் கலந்து முட்டையின் மஞ்சள் கருவுக்கு நிறம் கூட்டப் பயன்பட்ட பூச்சாறு அது. இதழ்களைப் பதப்படுத்தி உலர்த்தி, கரைப்பானால் பிசினைப் பிரித்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் சத்தியமங்கலம் வட்டாரத்திலும் இதற்காகவே ஒப்பந்த முறையில் செண்டுமல்லி பயிராகிறது.

2006இல் இரண்டாவது ஏரெட்ஸ் தொடங்கியது. எமிலி சூ தலைமையில் 82 மையங்களில் 4,203 பேர் பங்கேற்றனர். பழைய கலவையோடு லூட்டின் 10, ஜியாசாந்தின் 2 மில்லிகிராம் சேர்த்தும், மீன் எண்ணெயின் ஒமேகா-3 சேர்த்தும் பார்த்தார்கள். 2013இல் வெளியான முடிவில் இச்சேர்க்கைகள் மொத்தத்தில் கூடுதல் பயன் தரவில்லை. உணவில் இந்நிறமிகள் மிகக் குறைவாக உள்ளவர்களுக்கு மட்டும் லூட்டினால் நன்மை தெரிந்தது. துத்தநாகத்தை 25 மில்லிகிராமாகக் குறைத்தபோது தெளிவான வேறுபாடு தெரியவில்லை. பீட்டா கரோட்டின் உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியது; அவர்களில் பெரும்பாலோர் முன்பே புகைப்பதை விட்டவர்கள். அதனால் பீட்டா கரோட்டினை நீக்கி, அதன் இடத்தில் லூட்டினும் ஜியாசாந்தினும் வைக்கப்பட்டன.

பத்தாண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவு 2022இல் வந்து இந்த மாற்றத்தை உறுதிசெய்தது. முன்பு புகைத்தவர்களுக்குப் பீட்டா கரோட்டின் புற்றுநோய் ஆபத்தை ஏறத்தாழ இருமடங்காக்கியிருந்தது. லூட்டினில் அவ்வாறு தெரியவில்லை. பீட்டா கரோட்டின் கலவையோடு ஒப்பிட்டால், லூட்டின் கலவையை உட்கொண்டவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பும் சுமார் 20 சதவீதம் குறைந்தது. ஒமேகா-3 அப்போதும் பயன் காட்டவில்லை.

ஈர வகைக்கு 2000களின் நடுவிலிருந்து கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து வந்துவிட்டது. மாத்திரை அதற்கு மாற்றாகாது. கடைகளில் ‘கண்ணுக்கு’ என்ற பெயரில் விற்கும் புட்டிகள் பலவற்றில் இந்த ஆய்வுகளின் அளவுகள் இருப்பதில்லை. விழித்திரையைப் பரிசோதித்து நோயின் நிலையைத் தெரிந்துகொண்ட பிறகு, இடைநிலையில் இருப்பவர்களுக்கும் ஒரு கண்ணில் மட்டும் நோய் முற்றியவர்களுக்குமே இப்போது கண் மருத்துவர்கள் இரண்டாவது ஏரெட்ஸ் கலவையைப் பரிந்துரைக்கிறார்கள்.